குளத்துச் சங்கத்துக்குப் புதுத் தலைவி

ராசா,

பொதுக்கூட்டம் முடிந்த அன்று பின்னேரம் நீ மட்டக்களப்பிலிருந்து அழைத்து, "என்னம்மா, எப்பிடி நடந்தது?" என்று கேட்டாய். "நல்லாய் நடந்தது, பிறகு சொல்லுறன்" என்று வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். அன்றைக்குக் கதைத்தால் அழுதுவிடுவேன் என்று பயந்தேன், அது ஒரு காரணம். மாரிமழை வந்து, நான் குளத்தைப் பார்த்த பிறகே உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தது மற்றக் காரணம். இப்போது மாரியும் வந்துவிட்டது. நேற்று நனைந்த சேலை இன்னும் கொடியில் காயாமல் கிடக்கிறது. இனிப் பொறுக்கத் தேவையில்லை என்று பேனாவை எடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. போன மாதம் நீயும் உன் சிநேகிதரும் வாவிக்கரைக் கண்டல் மரங்களைக் காக்க ஒரு அமைப்பைப் பதிவு செய்து, உன்னையே தலைவராக்கியிருக்கிறீர்கள். நான் வாழ்த்துச் சொன்னேனே தவிர அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. பதினெட்டு வருடம் ஒரு சங்கத்துக்குத் தலைமை தாங்கியவள் பிள்ளைக்குச் சொல்ல எதுவுமில்லாமலா இருப்பாள் என்று நீ யோசித்திருப்பாய். சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் அதில் முக்கால்வாசியும் என் பிழைகள். பெற்ற பிள்ளைக்குப் பிழைகளைச் சொல்ல வாய் லேசில் வராது. எழுத்தில் வருகிறதா பார்ப்போம்.

வருடம் முழுக்க ஓடுகிற ஆறு எங்கள் குடாநாட்டில் இல்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான். மழைத்தண்ணீர் குளங்களில் நின்று, சுண்ணக்கல்லுக்குள் மெல்ல இறங்கி, கிணறுகளுக்கு வந்து சேர வேண்டும். நான் விவசாயப் போதனாசிரியராய் சண்டிலிப்பாய்த் தோட்டங்களெல்லாம் ஸ்கூட்டரில் திரிந்த காலத்தில், ஒரு பெண் தன் கிணற்றுத் தண்ணீரைப் பேணியில் வார்த்துத் தந்து, "குடிச்சுப் பாருங்கோ மிஸ்" என்றா. வாயில் வைக்க முடியாத உப்பு. அவவின் வளவுக்குப் பின்னாலிருந்த ஆலடிக்குளம் பாதிக்கு மேல் குப்பையால் மூடிக் கிடந்தது. அந்தக் கிழமையே ஏழு பேரைக் கூட்டிச் சங்கத்தைத் தொடங்கினேன். குப்பை அள்ளினோம், அணை கட்டினோம், தூர்ந்துபோன வெள்ளவாய்க்கால்களைத் தேடிப்பிடித்துத் திறந்தோம். ஒரு குளம் ஐந்தாயிற்று, ஐந்து பதினொன்றாயிற்று. உன் அப்பா போன பிறகு எனக்கு அதுதான் வீடு. நீ வேலைக்கென்று வெளிக்கிட்ட பிறகு அதுதான் பிள்ளையும். அங்கேதான் எனக்குப் பிடி இறுகத் தொடங்கியது என்று இப்போது விளங்குகிறது.

ஜெனிற்றாவை உனக்குத் தெரியும். நீ விடுமுறைக்கு வந்த நாட்களில் குருநகரிலிருந்து பொரித்த மீன் கொண்டுவந்து தந்தவள். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். கம்பஸில் புவியியல் படித்துவிட்டு எங்கள் சங்கத்துக்குக் களவேலைக்கு வந்தாள், ஆறு வருடம் இருந்தாள். நான் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்ததை அவள் கால்நடையாய்ப் போய்ப் பார்த்தாள். பதினொரு குளங்களுக்கும் தண்ணீர் எந்த வழியாய் வருகிறது, எந்த மதகு எவருடைய வளவுக்குள் இருக்கிறது, எந்தத் தோட்டக்காரர் என்ன வாக்குத் தந்தார் என்று ஒரு தடித்த கொப்பி முழுக்க எழுதி, படமும் கீறி, ஒருநாள் என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். நான் இரண்டு பக்கம் புரட்டினேன். "உது எல்லாம் எனக்குத் தெரியுந்தானே பிள்ளை" என்று சொல்லி அலுமாரிக்கு மேலே வைத்தேன். அவளுக்கு முகம் விழுந்தது. நான் அதைக் கவனிக்காததுபோல இருந்தேன்.

அதற்குப் பிறகு செய்தது அதைவிட மோசம். கொழும்பில் குளங்களைப் பற்றி நடந்த ஒரு கூட்டத்துக்கு அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவளுக்கு வர வசதியில்லை என்று நானே பதில் எழுதிவிட்டு நானே போனேன். அடுத்த நிர்வாகசபைக் கூட்டத்தில் ஒருவர், "ஜெனிற்றாவைத் துணைத்தலைவராய்ப் போட்டால் என்ன?" என்று கேட்டபோது என் வாயிலிருந்து வந்த சொல்லை இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுகிறது. "கடற்கரைப் பிள்ளைக்குத் தோட்டக்காரற்றை வாய்க்கால் என்ன தெரியும்?" என்றேன். சிலர் சிரித்தார்கள். அவள் வாசலில் நின்றிருக்கிறாள். அந்தக் கிழமை முடிவதற்குள் விலகல் கடிதம் கொடுத்துவிட்டு, "எல்லாத்துக்கும் நன்றி மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நீ கேட்டபோது, அவளுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னேன். அது பொய்.

அவள் போய் மூன்றாவது மாரியில்தான் நான் குளியலறையில் விழுந்து தொடையெலும்பை முறித்தேன். நீ ஓடிவந்தாய், சத்திரசிகிச்சை வரை பக்கத்தில் நின்றாய். ஆனால் அந்த நாட்களில் குளத்தில் நடந்ததை நான் உனக்கு முழுதாய்ச் சொல்லவில்லை. ஆலடிக்குளத்துக்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால், தம்பிராசா அண்ணையின் புகையிலைத் தோட்டத்துக்குள்ளால் வருகிறது. ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன் நான் போய்க் கதைப்பேன், அவர் முணுமுணுத்துக்கொண்டு வரம்பை வெட்டித் திறந்து விடுவார். இது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ஒழுங்கு. அந்த வருடம் நான் போகவில்லை, அவர் திறக்கவில்லை. மழை கொட்டியது. வாய்க்கால் ஏன் அடைபட்டிருக்கிறது, ஆரிடம் போய்க் கேட்பது என்று சங்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. செயலாளர் கனகலிங்கம் அண்ணை மூன்று தரம் ஆசுப்பத்திரிக்கு வந்து, நான் மயக்க மருந்தில் கிடந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். "அக்காவைக் கேக்காமல் ஒண்டும் செய்யேலாது" என்று எல்லோருக்கும் சொன்னாராம். பதினாறு வருடமாய் நான் பழக்கிய பழக்கம் அது. தண்ணீர் திரும்பிப்போய்ப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் மூன்று நாள் நின்றது. நட்டுப் பத்து நாளான வெங்காயமெல்லாம் அழுகியது. ஆலடிக்குளம் முழங்காலளவுத் தண்ணீரோடு மாரியைக் கழித்தது.

ஊன்றுபொல்லோடு வீட்டுக்கு வந்த பிறகு, அலுமாரிக்கு மேலே இருந்து எதையோ எடுத்துத் தரும்படி அயலவர் ஒருவரிடம் கேட்டபோது அந்தக் கொப்பி கையில் வந்தது. முதற்பக்கத்திலேயே ஆலடிக்குளம். தம்பிராசா அண்ணையின் பேர், தோட்டம், வரம்பு, எந்தக் கிழமை போய்க் கதைக்க வேண்டும் என்பது வரை அழகான கையெழுத்தில் இருந்தது. கனகலிங்கம் அண்ணையின் கையில் அது இருந்திருந்தால் அரைநாள் வேலை. அந்தக் கொப்பியைக் கடைசிப் பக்கம் வரை அன்றைக்கே வாசித்து முடித்தேன்.

அப்போதும் எனக்குப் புத்தி நேராய் வரவில்லை. எனக்குப் பிறகு ஆர் என்ற கேள்வி வந்தவுடன் உன் முகந்தான் வந்தது. உன்னை அழைத்து, வேலையை விட்டுவிட்டு வந்து சங்கத்தைப் பொறுப்பெடு என்றேன். நீ சொன்ன பதிலை வரிக்கு வரி வைத்திருக்கிறேன். "அம்மா, நான் வந்தால் சங்கம் எங்கடை வீட்டு வளவு மாதிரிப் போயிடும். நீங்கள் ஜெனிற்றா அக்காவிட்டைக் கேட்டுப் பாருங்கோவன்."

"அவளிட்டை நான் என்னெண்டு போறது?"

"பஸ்ஸிலை போங்கோ."

மூன்று கிழமை உன்னோடு 'சாப்பிட்டியா' என்பதற்கு மேல் கதைக்காமல் இருந்தேன். பெற்று வளர்த்த பிள்ளை கைவிட்டுவிட்டான் என்று அயலவருக்குக்கூடச் சொன்னேன். அதற்காக இந்தக் கடிதத்தில் மன்னிப்புக் கேட்கிறேன். அன்றைக்கு நீ 'ஓம்' என்றிருந்தால், சங்கமும் கெட்டிருக்கும், நீயும் என்னோடு சண்டைபிடித்துக்கொண்டு இங்கே இருந்திருப்பாய்.

பஸ்ஸில்தான் போனேன். அச்சுவேலியில் பழப்பானம் செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில் அவள் மேற்பார்வையாளராய் இருந்தாள். வாசலில் மாம்பழ வாசத்துக்குள் முக்கால்மணி நேரம் நின்றேன். தலைமுடியை வலைத்தொப்பிக்குள் செருகியபடி வந்தவள், பொல்லைப் பார்த்துவிட்டு முதலில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

"ஜெனிற்றா, நான் உம்மைப் பற்றி ஒரு சொல்லுச் சொன்னனான். நீர் கேட்டனீர் எண்டும் எனக்குத் தெரியும்."

"ஓம் மிஸ். கேட்டனான்."

"அது பிழை. அதைச் சொல்லத்தான் வந்தனான். மற்றது, கொப்பியை இப்பத்தான் வாசிச்சன்."

அவள் வலைத்தொப்பியைக் கழற்றி மடித்தாள். பிறகு, "ஆலடிக்குளம் நிரம்பேல்லை எண்டு கேள்விப்பட்டன். ஏன், தம்பிராசா ஐயா திறக்கேல்லையோ?" என்று கேட்டாள். மூன்று வருடம் கழித்தும் அவளுக்கு அந்த வரம்பு நினைவில் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, ராசா. தொழிற்சாலை வாசலில், வேலையாட்கள் பார்த்துக்கொண்டு நிற்க அழுதேன்.

அவள் உடனே வரவில்லை. ஒரு மாதம் யோசித்தாள். பிறகு வீட்டுக்கு வந்து, நான் கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத் தன் நிபந்தனைகளைச் சொன்னாள். இரண்டு வருடம் நான் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் காட்டிக் கொடுக்க வேண்டும். அவளுக்கு மட்டுமில்லை, ஒவ்வொரு குளத்துக்கும் மூன்று பேருக்கு. தலைவர் பதவியில் எவரும் இரண்டு தவணைக்கு மேல் இருக்க முடியாது என்று சங்கத்தின் யாப்பு விதிகளில் எழுத வேண்டும், அது அவளுக்கும் பொருந்தும். நான் கதிரையை விட்ட பிறகு ஒரு வருடத்துக்கு நிர்வாகசபைப் பக்கம் தலை காட்டக் கூடாது. கடைசியாய்ச் சொன்னதுதான் என்னை உலுப்பியது: "நீங்கள் என்னைக் கொண்டுவந்து இருத்தக் கூடாது மிஸ். உறுப்பினர் கை உயர்த்தித் தெரிவு செய்யட்டும். தோத்தால் நான் அச்சுவேலிக்குத் திரும்பிப் போறன்."

அந்த இரண்டு வருடம் எனக்கு லேசாய் இருக்கவில்லை. தம்பிராசா அண்ணை வாய்க்காலுக்குக் குறுக்கே சீமெந்துக் கட்டு ஒன்றே கட்டியிருந்தார். மனு எழுதி அதிகாரிகளிடம் போவோம் என்று நான் நின்றேன். ஜெனிற்றா போய் அவருடைய தோட்டத்தில் குந்தியிருந்து கதைத்தாள், ஒருமுறை இல்லை, நான்கு முறை. எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. நாலாம் முறைதான் அந்த மனிதர் வாயைத் திறந்தாராம். வாய்க்காலின் அணை அவருடைய பக்கம் தாழ்வாம். ஒவ்வொரு முறை திறந்துவிடும்போதும் அவருடைய புகையிலை நாற்றுமேடைதான் முதலில் கரைந்து போகுமாம். பதினாறு வருடமாய் அவர் முணுமுணுத்தது அதைத்தான். ஏன் அண்ணை முணுமுணுக்கிறியள் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. ஜெனிற்றா ஆட்களைக் கொண்டுபோய் அவர் பக்க அணையை இரண்டடி உயர்த்திக் கொடுத்தாள். அவர் தன் கையாலேயே சீமெந்துக் கட்டை உடைத்தார். பிறகு ஒப்பந்தம் எழுதி அவரும், அவருக்குப் பிறகு தோட்டம் பார்க்கப்போகிற மருமகளும் கையெழுத்து வைத்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து, எனக்கு என்ன வலிக்கிறது என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். அவள் என்னைவிட நன்றாய்ச் செய்கிறாள் என்பதுதான் வலி. அடுத்த நாள் காலையில் அதே காரணத்துக்காகச் சந்தோஷமாயும் இருந்தது.

இப்போது பொதுக்கூட்டம். சனசமூக நிலையம் நிரம்பி, வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். ஜெனிற்றாவின் பேர் முன்மொழியப்பட்டது. உடனே கனகலிங்கம் அண்ணை எழும்பினார். என்னோடு முதல்நாளில் குப்பை அள்ளிய ஏழு பேரில் ஒருவர். அவருடைய மனதில் கள்ளமில்லை, அது உனக்கும் தெரியும். "நான் அக்காவின்ரை மகனை முன்மொழியிறன்" என்றார். "அவர் எஞ்சினியர். தாய் கட்டின சங்கம், மகன் பாக்கட்டும். வர ஏலாட்டி அங்கையிருந்து பாக்கட்டும், நாங்கள் இஞ்சை செய்யிறம்." கைதட்டல் கேட்டது, ராசா. கொஞ்சநஞ்சமில்லை, மண்டபத்தில் பாதி. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் பக்கம் திரும்பி, "கடற்கரைப் பிள்ளைக்கு வாய்க்கால் என்ன தெரியும் எண்டு அக்காவே முந்திச் சொன்னவ. நான் என்ரை சொல்லாய்ச் சொல்லேல்லை" என்றார்.

ஜெனிற்றா முன்வரிசையில் மடியில் கையைக் கோத்தபடி இருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. நான் பொல்லை ஊன்றி எழும்பினேன். எழும்புகிறபோது என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"ஓம். நான் சொன்னனான்" என்றேன். "சொன்ன அண்டைக்கு ஜெனிற்றா வாசலிலை நிண்டவ. அந்த ஒரு சொல்லாலை நீங்கள் மூண்டு வருஷம் அவவை இழந்தனீங்கள். ஒரு மாரி குளத்தை இழந்தனீங்கள். வெங்காயம் அழுகின ஆக்கள் இஞ்சை இருக்கிறியள், உங்கடை வெங்காயத்தை அழுக வைச்சது மழை இல்லை, நான்தான். அவ எழுதின கொப்பி என்ரை அலுமாரிக்கு மேலை கிடந்தது. என்ரை மகனை நான் கேட்டனான். அவன் மாட்டன் எண்டவன். எனக்குப் புத்தி இல்லாத நேரம் அவனுக்கு இருந்தது. அவன்ரை பேரை எடுத்துவிடுங்கோ அண்ணை."

சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தேன். அயலில் இருந்த ஒருவர் என் பொல்லை வாங்கிப் பிடித்துக்கொண்டார். கனகலிங்கம் அண்ணை இன்னும் நின்றுகொண்டே இருந்தார். பிறகு ஜெனிற்றாவைப் பார்த்து, "பிள்ளை, ஒண்டு கேக்கிறன். மாரி தொடங்கின உடனை முதல் என்ன செய்வீர்?" என்றார்.

அவள் எழும்பித் திரும்பினாள். "முதல் உங்கடை வீட்டுக்கு வருவன் ஐயா. மேற்கு மதகின்ரை பலகை எப்ப தூக்க வேணும் எண்டு உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் உங்களோடை இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவன், பழகிறதுக்கு. உங்களுக்கும் ஒருநாள் காய்ச்சல் வரலாம்தானே."

முதலில் சிரித்தது கனகலிங்கம் அண்ணைதான். பிறகு மண்டபமே சிரித்தது. உன் பேரை அவரே எடுத்துவிட்டார். கை உயர்த்தச் சொன்னபோது அவருடைய கை எல்லாவற்றுக்கும் முன்னால் போனது. வெளியில் நின்றவர்கள் யன்னலுக்குள்ளால் கையை நீட்டினார்கள். எண்ணத் தொடங்கியவர் பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டு, எதிர்ப்பவர்கள் இருந்தால் கை உயர்த்துங்கள் என்றார். ஒரு கை இல்லை. குருநகரிலிருந்து வந்து பின்வரிசையில் இருந்த அவளுடைய தகப்பன் துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். நான் கதிரையை விட்டு எழும்பி அவளுக்கு இடம் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் பெற்ற வெற்றி என்று எதையாவது சொன்னால் இதைத்தான் சொல்லுவேன், ராசா. தலைவராய் வந்த நாள்கூட எனக்கு இப்படி நெஞ்சு நிறையவில்லை.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. நீ இப்போதுதான் தலைவர் கதிரையில் இருந்திருக்கிறாய். உனக்குப் பிறகு ஆர் என்று இன்றைக்கே தேடு. ஒருவரைத் தேடாதே, மூன்று நான்கு பேரைப் பார்த்து வை. அவர்களைக் கூட்டங்களுக்கு அனுப்பு, கடிதங்களில் அவர்கள் கையெழுத்து வைக்கட்டும், பிழை விட்டால் அவர்களே திருத்தட்டும். உன்னைவிடக் கெட்டிக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தால் நெஞ்சில் ஒரு முள்ளுக் குத்தும். அது குத்துகிற நாளில் என்னை நினைத்துக்கொள். எவராவது எதையாவது எழுதிக்கொண்டு வந்து தந்தால் அன்றைக்கே வாசி. வருடத்தில் ஒரு மாதம் தொலைபேசியை நிறுத்திவிட்டு இங்கே வந்து இரு, நான் சமைத்துப் போடுகிறேன். திரும்பிப் போய்ப் பார்க்கும்போது எந்த வேலை நீ இல்லாமல் நின்றுபோய்க் கிடக்கிறதோ, அந்த வேலையை முதலில் இன்னொருவருக்குப் பழக்கு. என் சங்கத்தை நீ ஏற்காமல் விட்டதைப்போல, உன் அமைப்பை உன் பிள்ளைகளுக்கென்று எண்ணி வைத்துக்கொள்ளாமலும் இரு.

மாரி எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று நாள் விடாத மழை. முதல்நாள் காலை தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன், உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஒருவரும் அழைக்கவில்லை. பதினெட்டு வருடத்தில் மழைநாளில் என் தொலைபேசி வாய் மூடியிருந்தது அதுதான் முதல்தரம். மத்தியானம் வரை மனம் சுருண்டு கிடந்தது. பிறகு அது எவ்வளவு நல்ல செய்தி என்று விளங்கியது. நேற்று, மூன்றாம் நாள், ஆலடிக்குளம் நிரம்பி, கலிங்கால் வான் பாயப்போகிறது என்று அயலில் சொன்னார்கள். ஓட்டோ பிடித்துப் போனேன்.

மேற்கு மதகில் கனகலிங்கம் அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு பேருக்குப் பலகை தூக்கக் காட்டிக்கொண்டு நின்றார். தம்பிராசா அண்ணை மண்வெட்டியோடு தன் பக்க அணையில் நின்றார். வாய்க்கால் நிறையத் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. ஜெனிற்றா அக்கரையில் நின்றாள். என்னைக் கண்டு ஒருமுறை கையை உயர்த்திவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் திரும்பினாள். குடையின் கீழ் கொப்பி ஒன்றை வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், நான் முன்பின் கண்டதில்லை, என்னைக் கூப்பிட்டா.

"வேலைக்கு வந்தனீங்களோ அம்மா? பேரைச் சொல்லுங்கோ, பதிவம்."

சொன்னேன். எழுதினா. அந்தப் பேர் ஆருடையது என்று அவவுக்குத் தெரியவில்லை.

"சங்கத்துக்குப் புதுசோ?"

"ஓம் பிள்ளை, புதுசுதான்" என்றேன்.

"கால் ஏலாது போலை. உந்தக் கல்லிலை குந்தியிருந்து சாக்கின்ரை வாயைப் பிடியுங்கோ. உவை மண் போடுவினம்."

பதினொரு சாக்குப் பிடித்தேன், ராசா. பன்னிரண்டாவதுக்கு மண் போட ஆள் வரவில்லை. "வான் பாயுது! வான் பாயுது!" என்று கத்திக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். நானும் சாக்கைப் போட்டுவிட்டு, பொல்லை ஊன்றி எழும்பிப் போனேன். கலிங்கின் விளிம்பு முழுக்கத் தண்ணீர் ஒரே தகடாய் வழிந்து கீழே விழுந்துகொண்டிருந்தது. சனத்துக்குள் சனமாய் நின்று, தொண்டை கட்டும் வரை நானும் கத்தினேன்.

பேசினால் இன்றைக்கு என் குரல் உனக்கு விளங்காது. அதனாலும்தான் எழுதினேன்.

அம்மா